காரணம்: மற்றவை

அஸ்டோரியாவில் நவம்பரில் பிடித்த மழை
ஈஸ்டர் வரைக்கும் விடாது.
அன்றைக்குக் கடைசி ஆளாக வந்தார் ஆர்வோ லெஹ்டினென்.
வயது எண்பத்தெட்டு. கரையோரக் காவல்படை, ஓய்வு.
ரப்பர் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தார்,
யாரும் கேட்காமலே.

செவிப்பரிசோதனை அறை ஒரு பெட்டி. கனத்த கதவு.
ஹெட்போனை மாட்டிவிட்டு வழக்கமானதைச் சொன்னேன்:
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்,
எவ்வளவு மெலிதாக இருந்தாலும்.
பொத்தானை மடியில் போட்டுவிட்டு
கையைத் தூக்கிக் காட்டினார்.
சரி, அதுவும் போதும்.

வலது காது பரவாயில்லை.
இடதில், இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் தாண்டியதும்
கோடு சரிவில் உருண்ட கல்லாக இறங்கியது.

படிவம் கேட்கிறது: பணிக்காலத்தில் எந்தப் பேரொலி?
பீரங்கி. விமானம். வெடிமருந்து. மற்றவை.
மற்றவை, என்றார்.
டீசல் எஞ்சின். என் முழங்காலுக்குப் பக்கத்தில்.

போருக்கு முன்னால் இங்கேதான் அவருக்கு வேலை,
கொலம்பியா ஆறு கடலோடு மல்லுக்கட்டும் மணல்திட்டில்.
சால்மன் படகு கவிழும். போவார்கள்.
தலைமுடியைப் பிடித்தாவது இழுத்து வருவார்கள்.
அலைக்குள் படகோட்டத் தெரிந்தவர்கள் என்று
தரையிறக்கப் படகுகளுக்கு
இவர்களைத்தான் தேடி எடுத்தார்கள்.

ஒட்டுப்பலகைப் படகு. முப்பத்தாறு பேர்.
முன்பக்கம் ஓர் இரும்புக் கதவு,
இறக்கினால் அதுவே பாலம்.
ஒரு தீவின் பெயரைச் சொன்னார்;
தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்,
எழுத்துப் பிழையோடு என்று பிறகு தெரிந்தது.

வற்றுநீர் நேரம்.
படகின் அடி பவளப்பாறையில் தட்டியது.
கரை இன்னும் நானூறு கஜம்.
பின்னால் படகுகள் நெருக்கிக்கொண்டு வருகின்றன.
எஞ்சின் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது,
நான் கையைத் தூக்கினால் வெர்னன் கதவை இறக்குவான்.
அவ்வளவுதான், என்றார்.
கையைத் தூக்குவதுதான் வேலை.

தண்ணீர் முதல் ஆளுக்கு மார்பளவு.
மூன்றாவது ஆள் குட்டை.

எங்கள் பக்கத்தில்
கடனில் மூழ்கியவனை, வேலையில்லாத பட்டதாரியை
யாரோ கரைசேர்த்தார்கள் என்போம்.
நல்ல சொல். புழங்கிப் புழங்கி வழவழத்த சொல்.
இவரிடம் அதை எப்படி ஆங்கிலத்தில் வைப்பது என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
விட்டுவிட்டேன்.

இறக்கிவிட்டால் படகு லேசாகிவிடும், என்றார்.
பின்வாங்கும்போது கன்றுக்குட்டி மாதிரித் துள்ளும்.
எனக்கு அந்தத் துள்ளல் பிடிக்காது.
அன்று ஏழு தடவை போனாராம்.
ஏழாவது தடவை ஏறியவர்கள் காலடியில்
ஒரு ஹெல்மெட் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.
யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிற்பாடு மதுக்கடையில் ஒருவன் கேட்டானாம்:
கரையோரக் காவல்தானே நீ,
போரில் உனக்கென்ன ஜோலி?
அவனுக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்தாராம்.
இதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார்.

இரண்டாம் சுற்று.
நாலாயிரம் ஹெர்ட்ஸுக்குத் திருகினேன், இன்னும் அனுப்பவில்லை.
கண்ணாடிக்கு அந்தப்புறம்
கை உயர்ந்தது.

இதைப் பொய்ப்பதில் என்று குறிக்க வேண்டும்.
கேட்டால் மட்டும் காட்டுங்கள் என்று
நோயாளிக்கு மறுபடி விளக்க வேண்டும். விதி.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன்.
கை இறங்கவில்லை.

நான்தான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.
திறந்த பிறகும் உட்கார்ந்தே இருந்தார்,
வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு.

மழை விட்டதா என்றார்.
இல்லை என்றேன்.
இடதுபக்கம் நின்று சொல்லிவிட்டேன் போல.
சுற்றிவந்து
இன்னொரு தடவை சொன்னேன்.